ரிப்பன் அத்தியாயம்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. பின்னால் நிற்பவர்களும் முன்னால் வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கதை சொல்கிறேன். இதில் ராஜாவும் இல்லை, ராட்சசனும் இல்லை. ஒரு தாய், ஒரு மகள், ஒரு முழம் ரிப்பன், அவ்வளவுதான். ஒரு முழம் ரிப்பன் ஒரு வீட்டையே கட்டிப்போட்டுவிடுமா என்று கேட்காதீர்கள். போடும்.

அந்தத் தாய்க்குப் புத்தகம் வாசிப்பது வேலை. தனக்குள் வாசிப்பதல்ல; ஊரார் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்காக வாய்விட்டு வாசிப்பது. கதவைச் சாத்தினால் சொந்த மூச்சே பெருமூச்சாகக் கேட்கும் சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. வளையல் கூடாது, மொடமொடக்கும் துணி கூடாது, தயிர் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது. வாய் ஒட்டாமல் இருக்க ஆப்பிள் துண்டு இரண்டு பக்கத்தில் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒலிப்பதிவுக்காரத் தம்பி, காதில் ஹெட்போனும் கையில் அதே புத்தகமுமாக உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்ப்பான். ஒரு சொல் பிசகினாலும் கையைத் தூக்கிவிடுவான்.

அன்றைக்கும் தூக்கினான்.

"அக்கா, இன்னொரு தடவை போலாம்."

"ஏம்ப்பா, மூச்சு கேட்டுதா?"

"மூச்சு இல்லக்கா. வயிறு."

அவள் வாசித்துக்கொண்டிருந்த இடம் அப்படி. கதாநாயகி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, 'எனக்குத்தான் பசியே எடுக்காதே' என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வாசிக்கிறவளின் வயிறு கொர்ரென்று ஒரு பதில் சொல்லிவிட்டது. அந்த ஒலிவாங்கி எறும்பு தும்மினால்கூடப் பிடித்துவிடும், வயிற்றை விடுமா?

"இப்படியே விட்டா, கேக்கறவங்க 'பொய் சொல்றாடா இந்தப் பொண்ணு'ன்னு சிரிப்பாங்க" என்றான் தம்பி. "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"டீ."

"நேத்து?"

"டீதான். எனக்குக் காலையில பசிக்காதுப்பா. அது என் உடம்பு வாகு."

"பசிக்காத வயிறாக்கா இப்படிக் கச்சேரி பண்ணுது?"

இருவரும் சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை ஓடாது. அவள் பள்ளியில் படித்த காலத்தில் பெண்பிள்ளைகளெல்லாம் விழுந்து விழுந்து படித்த தொடர்கதை வரிசை அது. நாலு தோழிகள். மாதம் ஒரு புத்தகம், மாதம் ஒரு மர்மம். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் நாலு பேரையும் புதிதாக அறிமுகம் செய்துவிடுவார்கள், நேற்றுப் பிறந்தவர்களைப் போல. மின்னல் என்பவள் கதாநாயகி: கொடி போல் இடுப்பு, ஒரு கைக்குள் அடங்கிவிடும். உருண்டை என்பவள் அவள் தோழி: வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும். துப்புக் கண்டுபிடிப்பது உருண்டை, பூட்டை நெம்புவது உருண்டை, கிணற்றில் விழுந்த நாயைத் தூக்குவதும் உருண்டை. ஆனால் கடைசிப் பக்கத்தில் மாலை மின்னலுக்கு. உருண்டையைப் பார்த்து எல்லோரும் ஒரு சிரிப்பு. அதோடு முற்றும்.

அந்தப் புத்தகங்கள் இல்லையென்றால் இந்தத் தாய் வாசிக்கிறவளாகவே ஆகியிருக்க மாட்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளையை மடமடவென்று படிக்க வைத்ததும், அடுத்து என்ன அடுத்து என்ன என்று நெஞ்சு அடித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததும் அவைதான். எழுதியவளும் யாரோ வீட்டுப் பெண்தானே. அவள் காதில் யார் என்ன ஓதினார்களோ. ஆகையால் இந்த வரிசையை ஒலிப்புத்தகமாக்கப் போகிறோம், நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று பதிப்பகத்தில் சொன்னபோது அவள் குதிக்காத குறை. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி, தூசி தட்டி, பழைய பிரதிகளை வெளியே எடுத்து வைத்தாள். மகள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்ப் படித்தாள். போனைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளை! தாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் மகளின் தட்டில் சோறு குறையத் தொடங்கியது. முதலில் 'போதும்மா'. பிறகு 'ஸ்கூல்லயே சாப்பிட்டேன்'. வளர்கிற பிள்ளை, முகம் வாடுகிறது என்று அப்பா கேட்டதற்கு, பரீட்சை நேரம் என்றாள். படியேறி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் பள்ளியில் வரிசையில் நிற்கும்போது மயங்கி விழுந்தாள். வெயில் என்று சொல்லிவிட்டார்கள். தாயும் வெயில் என்றே நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

வயிறு கச்சேரி செய்த அன்று காலையில்தான், துவைத்த துணிகளை மடிக்கும்போது, மகளின் பாவாடை மடிப்பிலிருந்து நீல ரிப்பன் ஒன்று நழுவி அவள் காலில் விழுந்தது. முடிச்சு அவிழ்க்கப்படாமல் வட்டமாக இருந்தது. தலையில் கட்டுகிற வட்டமல்ல. அவள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வரிசையில் ஒரு புத்தகத்தில், நாடகப் போட்டிக்கு முன்னால் மின்னல் ஆடைக்கு அடியில் இடுப்பில் நீல ரிப்பன் கட்டிக்கொள்வாள். இறுகினால் அடுத்த வேளை சாப்பாடு கிடையாது. தளர்ந்தால் வெற்றி. அந்தப் புத்தகம் வந்த மாதம் தாயின் வகுப்பில் பெண்கள் எல்லோருமே கட்டினார்கள். பக்கத்துக் கடையில் நீல ரிப்பன் தீர்ந்து, பச்சையைக் கட்டியவர்களும் உண்டு. அவளுக்கு ஒரு துண்டு எட்டவில்லை. இரண்டைச் சேர்த்து முடிந்தாள். அதை ஒருத்தி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை அவள் பெயர் உருண்டைதான். வாத்தியார்கூட ஒருமுறை வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று பிற்பகலில் வாசிக்க வேண்டியிருந்தது அந்த அத்தியாயம்தான்.

அவள் வாசித்தாள். கண்ணாடி, நீல ஆடை, மின்னலின் பெருமூச்சு. ரிப்பன் பத்தி வந்ததும் குரலில் ஒரு சின்னத் தடங்கல்கூட இல்லாமல், ஓடைக் கல்லைத் தாண்டுவதுபோல் தாண்டி அடுத்த பத்தியில் காலை வைத்தாள். தம்பி கையைத் தூக்கினான்.

"அக்கா, ஒரு பத்தி விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. விட்டேன்."

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "அவங்க புத்தகத்தை வச்சு ஒத்துப் பாப்பாங்கக்கா. ஒரு கமா விட்டாலே போன் வரும்."

"வரட்டும். என் பொண்ணும் இடுப்புல கட்டிக்கிறா அந்த ரிப்பனை. அதை என் குரல்லயே நான் அவளுக்குச் சொல்லணுமா?"

தம்பி புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தான். பிறகு, "என் தங்கச்சி இந்தப் புத்தகத்தைத்தான் படிப்பா" என்றான். "நான் திருடிப் படிப்பேன். எனக்கு உருண்டையைத்தான் பிடிக்கும். அவ இருந்தாதான் கதையே நகரும்." அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகிப் புத்தகத்தை மூடினான். "நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னைக்கு வீட்டுக்குப் போங்க."

வழியெல்லாம் அவள் பேச்சைத் தயார் செய்தாள். அவளுக்கு வாய்தான் பிழைப்பு. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்தவள். ஆனால் வீட்டுக்கு வந்து, மகளின் அறை வாசலில் ரிப்பனை நீட்டியபோது வந்தது இவ்வளவுதான்: "என்னடி இது?"

மகள் பார்த்தாள். முகம் வெளுத்தது, பிறகு இறுகியது. "ரிப்பன்."

"அது கதை, கண்ணு. யாரோ எப்பவோ எழுதின கதை. அந்தப் பத்தியை நான் இன்னைக்கு வாசிக்கவே இல்ல, தெரியுமா? தாண்டிட்டேன்."

"தாண்டினா? எனக்குத்தான் அது மனப்பாடமாச்சே."

"ராத்திரி சாப்பிட மாட்டேங்கறே. மயங்கி விழறே. எலும்பும் தோலுமா ஆயிட்டே. எதுக்குடி இதெல்லாம்?"

"எனக்கு ராத்திரி பசிக்காதும்மா" என்றாள் மகள். "என் உடம்பு வாகு."

தாய்க்கு யாரோ பொட்டில் அடித்ததுபோல் இருந்தது. அது அவள் வாக்கியம். சொல் மாறாமல், ஏற்ற இறக்கம்கூட மாறாமல்.

"யாரைப் பாத்துடி பேசறே அப்படி?"

"நீ காலையில சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. ஒரு நாள்கூட. அப்பா கேட்டா உடம்பு வாகும்பே. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட தண்ணி குடிச்சிட்டு, நிறைஞ்சுபோச்சும்பே. துணிக்கடையில கண்ணாடியைப் பாத்ததும் வயித்தை உள்ள இழுத்துப்பே." மகளின் குரல் உடைந்தது. "உன் ரிப்பன் வெளிய தெரியல. என்னோடது தெரிஞ்சிடுச்சு. அவ்ளோதானே?"

அவளை அதட்டலாம். கட்டிக்கொள்ளலாம். தாய் இரண்டும் செய்யாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பழியைப் புத்தகத்தின் தலையில் ஏற்றிப் பரணில் போட்டுவிடலாம் என்றுதான் வந்தாள். இப்போது அது பரணில் இல்லை. நின்றுகொண்டிருக்கிற தன் உடம்பில் இருந்தது. காலையில் பசிக்காது என்பதை 'எனக்கு இடதுகைப் பழக்கம்' என்பதுபோலச் சொல்லி வந்திருக்கிறாள். உண்மையில் பசிக்குமா? கேட்டுப் பார்த்ததே இல்லையே.

மறுநாள் காலையில் கணவர் வேலைக்குக் கிளம்பிப் போனபின், அவள் அடுக்கிலிருந்து தனக்கென்று இன்னொரு தட்டை எடுத்தாள். அந்த வேளைக்கு அந்த வீட்டில் மூன்றாவது தட்டு எடுத்துப் பழக்கமில்லை. கைக்கே கூச்சமாக இருந்தது. ரொட்டி சுட்டாள், முட்டை வேகவைத்தாள், மேசையில் வைத்து உட்கார்ந்தாள். பெரிய அரங்கில் வாசிக்கப் போகும்போதுகூட அவளுக்கு இப்படி உள்ளங்கை வேர்த்ததில்லை. ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தாள். மென்றாள். அது தொண்டையில் நின்று, யோசித்து, பிறகு இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பாதி பின்னிய சடையோடு மகள் வாசலில் வந்து நின்றாள்.

"என்னம்மா பண்றே?"

"சாப்பிடறேன்."

"எனக்காக நடிக்கிறியா?"

தாய் யோசித்தாள். "ஆரம்பிக்கும்போது நடிப்புதான். இப்ப நெஜமாவே பசிக்குது. பயமாவும் இருக்கு."

மகள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். தன் தட்டை அவள் தொடவில்லை. அம்மாவின் வாயையே பார்த்தாள், புதிதாக எதையோ செய்து காட்டுகிறவரைப் பார்ப்பதுபோல. தெருவில் பள்ளி வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. யாரும் எழவில்லை. பிறகு மகளின் கை மெதுவாக நகர்ந்து ஒரு முட்டையை எடுத்தது. மேசை விளிம்பில் தட்டி, ஓட்டை நகத்தால் கிள்ளிக் கிள்ளி உரிக்கத் தொடங்கினாள். தனக்காக உரிக்கிறாளா, அம்மாவுக்காகவா? அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஓடு பொடிப்பொடியாக மேசையில் விழுந்தது. முழுதும் உரித்த முட்டை, ஆவி பறக்க, அவள் உள்ளங்கையில் வெள்ளையாகப் பளபளத்தது. சுட்டது போலும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள், கீழே வைக்கவில்லை.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன், என் தங்கங்களே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தலை சீவிக்கொள்ள மட்டும் கண்ணாடி முன் நிற்கட்டும். உங்கள் பெண்கள் நடக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காமல் தாராளமாக விடட்டும். உங்கள் வீட்டில் யார் யாருக்குப் பசித்தாலும் அதை வாய்விட்டுச் சொல்லட்டும். சொன்னதும் இடம் விட்டு நகர்ந்து உட்கார ஒருவர் இருக்கட்டும். குடும்பம் தழைத்து, நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.