முப்பத்தேழு வளைமூக்குகள்

கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருந்தது. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்த பிலோமி, சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு உறையைக் கிழித்தாள். பட்டணத்துப் பறவை ஆர்வலர் சங்கத்தின் செயலாளர் சேஷகிரி எழுதியிருந்தார்.

'ஜூன் மாதம் எண்ணூர்க் கழியில் முப்பத்தேழு கர்லூ, அதாவது வளைமூக்குப் பறவைகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவை வடதேசத்துப் பறவைகள், ஏப்ரலோடு போய்விடும். நீங்கள் கண்டது நம்மூர் அரிவாள்மூக்கனாகத்தான் இருக்கும். எனினும், பெண்கள் இத்தகைய பொழுதுபோக்கில் ஈடுபடுவது பாராட்டத்தக்கது.'

பாராட்டத்தக்கது என்ற சொல்லில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

1950ஆம் வருஷத்திலிருந்து, மூன்று வருஷமாக, ஒரு ஞாயிறு தவறாமல் அவள் எண்ணூர் போய்வந்தாள். ராயபுரத்தில் முதல் பூசை முடிந்ததும் நேரே ஸ்டேஷன். கையில் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பைனாகுலர். அதில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்திருந்ததால் ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பாள். ஐப்பசி மழையில் சகதியில் வழுக்கி விழுந்து, நனைந்த சேலையோடு வாத்துக் கூட்டங்களை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டாள். தையில் பூநாரைகள் வந்து நிற்கும்போது கழியின் அக்கரை ரோஜா நிறமாகிவிடும். பங்குனியில் உள்ளான்கள் கொழுத்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். பிறகு வெறும் சேறும் வெயிலும்தான் என்று புத்தகம் சொன்னது. அவள் அப்போதும் போனாள். அங்கேதான் அந்த முப்பத்தேழும் நின்றன.

"இன்னாடி, ரயில்வேயில மாப்பிள்ளை கேட்டு வந்துகினு கீறாங்க, நீ சேத்துல போய் நிக்கிறே," என்பாள் அவள் அம்மா சிலுவையம்மாள். பிலோமிக்கு முப்பத்தொரு வயது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் முடிந்த பிறகு அவள் பதில் அடித்தாள். இரண்டே வரி. 'அரிவாள்மூக்கனை எனக்குத் தெரியும். வரும் ஞாயிறு காலை எண்ணூர் ஸ்டேஷனில் இருப்பேன்; வந்து பாருங்கள்.'

சேஷகிரி வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் துப்பாக்கி.

"அது எதுக்கு சார்?" என்றாள் பிலோமி.

"ஒரு பறவையைச் சுட்டு, தோலைப் பாடம்பண்ணி வைத்தால்தான் அம்மா சான்று. கண்ணால் பார்த்தேன் என்பதை எல்லாம் அச்சில் போட முடியாது."

கழிக்கரையில், ஞாயிறுதோறும் பார்த்து பிலோமிக்குப் பழக்கமான காத்திவாக்கத்துக் கோவிந்தம்மா இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறி அவள் பல்லில் தொங்கியது. வந்தவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று பிலோமி சொன்னதும், பறியைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"வளைமூக்கா? தோ கீது பார். அதுங்க போன வருசத்துக் குஞ்சுங்க சார். மூக்கு இன்னும் முழுசா வளரல. பெர்சுங்க போய்ட்ச்சு, இதுங்க போவல."

"நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். சான்று வேண்டுமே."

"இன்னா சார் பேஜாரா கீது! நீ ஊட்ல கீறேன்னு உன் சம்சாரம் சொன்னா, உன்னைச் சுட்டு எட்தாந்து காட்டணுமா?"

சேஷகிரியின் முகம் சிவந்தது. அவர் தோட்டாவை அடைத்துக்கொண்டு, குனிந்தபடி உப்பளத்து வரப்போரமாக முன்னேறினார். தூரத்துச் சேற்றில் பறவைகள் மூக்கைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தன. இன்னும் ஐம்பது அடி போனால் குறிக்கு எட்டிவிடும்.

பிலோமி செருப்பைக் கழற்றி எறிந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். ஒவ்வொரு காலையும் பிடுங்கித்தான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. துப்பாக்கிக்கும் பறவைகளுக்கும் நடுவே போய் நின்றாள்.

"விலகுங்கள் அம்மா!" என்று கத்தினார் சேஷகிரி.

"மாட்டேன்."

"விபத்தாகிவிடும்!"

"அப்போ அதையும் உங்க சங்கத்துப் பத்திரிகையில போடுங்க!"

அவள் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தட்டினாள். கரையில் கோவிந்தம்மா கூவென்று கூச்சலிட்டாள். கூட்டம் மொத்தமாக எழும்பியது. அடியிலிருந்து மேலே ஏறும் அந்த நீண்ட விசில் குரல் கழி முழுக்கக் கேட்டது. திரும்பிப் பறந்தபோது ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. அரிவாள்மூக்கனுக்கு அந்தத் திட்டும் கிடையாது, அந்தக் குரலும் கிடையாது.

சேஷகிரிக்கு அது தெரியும். நாற்பது வருஷம் பறவை பார்த்தவர். துப்பாக்கி அவர் கையில் தாழ்ந்தது. பறவைகள் முகத்துவாரம் பக்கம் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"கர்லூதான்," என்றார், கரைக்கு வந்த பிறகு. "ஜூலையில்!"

பிலோமி காலிலிருந்த சேற்றை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பயம் இப்போதுதான் வந்தது.

"உங்கள் நோட்டை ஒரு வாரம் கொடுங்கள். சங்கத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டு—"

"தர மாட்டேன் சார். இங்கியே குந்திக் காப்பி பண்ணிக்கோங்க."

அவர் அவளையும் கோவிந்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். பிலோமி வாசிக்க வாசிக்க, தேதி, எண்ணிக்கை, மூக்கின் நீளம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

"பார்த்தவர் பெயர் என்ன போடட்டும்?"

"எஸ். பிலோமினா. அதுக்கு மேல் வரியில கோவிந்தம்மா, காத்திவாக்கம்னு போடுங்க. குஞ்சுன்னு கண்டுபிடிச்சது அவங்க."

அவர் பேனா ஒரு கணம் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழுதினார்.