ஒத்திகைக்கு வந்த புகார்

பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகள் பற்றிப் போலீஸாருக்கு நான் நடத்திய முதல் பயிற்சி அது. புகார் கொடுப்பவராக நடிக்க ஒரு நடிகையை வரச் சொல்லியிருந்தேன். கன்னம் வீங்கிய ஓர் அக்கா உள்ளே வந்தார்.

"உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க. பயப்படாம சொல்லுங்க, விஷயம் வெளிய போகாது," என்று இன்ஸ்பெக்டர் உருகினார். எனக்கே புல்லரித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"மேக்கப் பிரமாதம்," என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

"மேக்கப் இல்லீங்க. வீட்டுக்காரர் அடிச்சாரு. ஸ்டேஷன்ல கேட்டா, எல்லாரும் இங்க இருக்கீங்கன்னாங்க."

இன்ஸ்பெக்டரின் குரல் மாறியது. "நிஜக் கேஸா? வெளிய பெஞ்சுல இரும்மா. பயிற்சி முடியட்டும்."

அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

"அப்போ நடிக்கத்தான் வந்திருக்கேன்னு வெச்சுக்கோங்க சார். இப்ப பேசின மாதிரியே பேசி, எழுதிக்குங்க."