அரப்புக் குளியல்

மூன்று நாள் சென்னைப் பயிற்சி முடிந்து லின்சி காலையில் கணபதிப் பகுதியில் உள்ள வீட்டுக்குத் திரும்பினாள். அவளுடைய அங்கோரா முயல் பூந்தி, கூண்டின் மூலையில் அசையாமல் இருந்தது. மின்விசிறிக் காற்றுக்கே பறக்கும் அதன் நீண்ட முடி ஒரே கம்பளியாக இறுகியிருந்தது. விரல் உள்ளே போகவில்லை. முந்தின நாள் வைத்த காய்ந்த புல் அப்படியே கிடந்தது.

"அத்தை, இதுக்கு என்ன பண்ணுனீங்க?"

மாமியார் விமலாராணி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தார்.

"ஒரே சிக்கு கண்ணு. தேங்காயெண்ணெ வெச்சு, எண்ணெ போக அரப்புத்தூள் தேச்சுத் தண்ணி ஊத்தி உட்டேன். பிராங்குக்கும் சின்னதுல அப்படித்தான் பண்ணுவேன். எத்தனை முடி அவனுக்கு!"

"இப்ப அவருக்கு அந்த முடி எங்கீங்க?"

விமலாராணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

கூண்டின் மேல் லின்சி ஒட்டிவிட்டுப் போன தாள் இருந்தது. 'சீப்பு மட்டும். தண்ணீர் கூடாது.' தண்ணீர் தெறித்து மை கலைந்திருந்தது.

கால்நடை டாக்டரிடம் போனில் சொன்னாள். புழுக்கை முடியில் கோத்துக்கொண்டு வருவதையும் சொன்னாள்.

"நக்கி நக்கி முடிய முழுங்கியிருக்குங்க. மொதல்ல ஒட்ட வெட்டிப் போடுங்க. மத்தியானத்துக்குள்ள புல்லு திங்கலீன்னா தூக்கிட்டு வந்துருங்க. அதுக்கு மேல ஆச்சுன்னா காப்பாத்தறது கஷ்டம்."

கத்தரியை எடுத்தபோது கணவன் பிராங்க் அலுவலகத்திலிருந்து அழைத்தான். அவனுக்கு அம்மா சொல்லியிருந்தார்.

"வெட்டாத லின்சி. ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல இருந்து பூந்தியப் பாக்க வாராங்க. அதோட அழகே முடிதான்."

"ஏனுங்க, எட்டு மாசத்துல ஒரு நாளாவது நீங்க சீவியிருக்கீங்களா?"

"எனக்கு எங்க நேரம்?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். தினமும் ஒரு மணி நேரம், மடியில் பழைய செய்தித்தாளை விரித்துச் சீவியது அவள்தான்.

விமலாராணி பிடித்துக்கொண்டார். லின்சி வெட்டினாள். தோல் காகிதம் போல மெல்லியது. சடைக்கும் தோலுக்கும் நடுவில் விரலைக் கொடுத்து, விரலை ஒட்டியே வெட்ட வேண்டியிருந்தது. கீழே லேத் பட்டறையில் இரும்பு கிறீச்சிடும்போதெல்லாம் முயல் துள்ளியது.

"காதுகிட்டப் பாத்து அம்மணி."

"நீங்க புடிச்சாப் போதுங்க."

ஒன்றரை மணி நேரம் ஆனது. சடை ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்தது ஒரு கைப்பிடி முயல்.

"இத்தனூண்டுதானா இது?" என்றார் விமலாராணி.

கூண்டில் புதுப் புல் வைத்தாள். பூந்தி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மணி பன்னிரண்டரை. ஒன்று. லின்சி கூடையில் துண்டை விரித்து, ஆட்டோவுக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.

விமலாராணி பவுடர் டப்பாவோடு வந்தார்.

"தோலு செவந்து கெடக்குது. கொஞ்சம் பவுடர் போட்டு உடட்டுமா கண்ணு?"

லின்சி டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியின் உச்சியில் வைத்தாள். திரும்பியபோது பூந்தியின் வாயில் ஒரு புல் தொங்கியது. அது மெல்ல மெல்லக் குட்டையானது. அடுத்த புல்லையும் இழுத்தது.

லின்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா? தலைக்குத் தண்ணி ஊத்துனா நல்லாப் பசிக்கும்" என்றார் விமலாராணி.

லின்சி தன் உடையில் ஒட்டியிருந்த முடிகளை ஒவ்வொன்றாகப் பிய்க்கத் தொடங்கினாள்.