இரண்டாம் முறையில் வந்த அம்மா

ஒரு விடுகதை போடுகிறேன். இடக்கையால் இழுத்தேன், மடிக்கு அருகே வந்தது. மறுநாள் அதே இடக்கையால் அதே மாதிரி இழுத்தேன், வானத்துக்குப் போனது. அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள். விடை ஓர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து கல்குவாரி வேலைக்குப் போகிறவர்கள் மூன்று வருடம் கழித்துப் பொக்லைனாகத் திரும்பி வருவார்கள். வேதநாயகியும் அப்படித்தான் வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரியிலிருந்து இறங்கி, தெருவில் யார் வீட்டுப் படியையும் இடிக்காமல், தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். நல்ல மஞ்சள் நிறம். சங்கிலித் தடத்தில் குவாரித் தூசி படிந்திருந்தது.

அவருடைய கணவர் பால்துரை தையல்காரர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கை எட்டரை மீட்டர் வருது, நாயகி."

"ஒரு கைதானே. துணி மிச்சம்தான்" என்றார் வேதநாயகி. எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் அவர் பேசுவார்.

அப்படி வந்தவர்கள் தாங்களாகவே நடப்பார்கள், பேசுவார்கள். கையை மட்டும் அவர்களால் அசைக்க முடியாது. யாராவது உள்ளே உட்கார்ந்து லிவரை இழுக்க வேண்டும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவரின் பிள்ளை ஏறி மடியில் உட்கார்ந்து லிவரை இழுக்கும். முன்கை மடங்கி, பக்கெட் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கும். அதற்கு அணைப்பு என்று பெயர். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் அணைப்பு நடக்காவிட்டால், வந்தவர் வந்ததாக ஆகாது. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். மறுபடி மூன்று வருடம்.

வேதநாயகியின் மகள் சுடர். எட்டு வயது, நீளமான ஒற்றைச் சடை. அம்மா போனபோது அவளுக்கு ஐந்து வயது. கதவைத் திறந்து ஏறினாள், உட்கார்ந்தாள், இடப்பக்க லிவரைப் பின்னால் இழுத்தாள். எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலேயே அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

தோளை ஒட்டிய மேற்கை எழுந்தது. பக்கெட் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் போய் நின்றது. அதன் பல்லில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

"நான் கிட்டதான் வர நினைக்கிறேன், தங்கம்" என்றார் வேதநாயகி.

"கை போகுதே."

"தெரியலடா. இன்னொரு தடவை இழு."

இழுத்தாள். இன்னும் மேலே போனது.

புதன்கிழமையும் அதுவே நடந்தது. சுடர் இறங்கிவந்து, "அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியல" என்று அப்பாவிடம் சொன்னாள். பால்துரை ஒரு ஜாக்கெட் கையைத் தைத்துப் பிரித்து மறுபடியும் தைத்தார்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு லாரி வந்தது. ஓட்டுநர் டீ வாங்கி நிழலில் நின்று குடித்தார். "அஞ்சரைக்குக் கெளம்பணும். பாலம் தாண்டுனா நெரிசல்" என்றார்.

சுடர் அம்மாவின் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

லாரியில் ஏற்றுமுன் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை நான் உரிக்கப் போனேன். அதுதான் என் வேலை. கைகள் இரண்டு முறையில் இயங்கும். ஒன்றாம் முறையில், இடப்பக்க லிவரை இழுத்தால் முன்கை உள்ளே மடங்கும், வலப்பக்கத்தை இழுத்தால் மேற்கை எழும். இரண்டாம் முறையில் இவை இரண்டும் இடம் மாறிவிடும். யாராவது வந்து இறங்கினால், காலி இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஆள் இல்லாமல் பார்த்து, ஒவ்வொரு லிவரையும் மெதுவாக அசைத்து எது நகர்கிறது என்று கவனித்து, கண்ணாடியில் '1' அல்லது '2' ஒட்ட வேண்டும். உரிக்கும்போதும் அதே மாதிரி அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உரிக்க வேண்டும்.

எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, சுடரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, இடப்பக்கத்தை மெல்ல இழுத்தேன். மேற்கை அசைந்தது. வலப்பக்கத்தை ஒரு விரல் அளவு இழுத்தேன். முன்கை மடங்க ஆரம்பித்தது. கண்ணாடியில் நான் ஒட்டியிருந்தது '1'.

சுடரைச் சற்று எழச் சொல்லி இருக்கையைத் தூக்கினேன். அடியில் முறையை மாற்றும் ஒரு சிறிய மாற்றுப்பிடி இருந்தது. அது இரண்டில் நின்றது.

"தப்பு என்னுது" என்றேன். "அசைச்சுப் பாக்காமலே ஒட்டிட்டேன். பன்னெண்டு வருஷமா தெரிஞ்சவங்களாச்சேன்னு."

"அங்க எல்லாரும் ரெண்டுதான், அண்ணே" என்றார் வேதநாயகி. "எப்ப மாறினேன்னு எனக்கே தெரியாது. என் முதுகை நான் எங்க பாத்தேன்."

"சரி, திருப்புங்க அண்ணே" என்றார் பால்துரை. "ஊசியை எடுத்து அந்தப் பக்கம் தள்ளினா முடிஞ்சது. அரை நிமிஷ வேலை."

அது உண்மைதான். எஞ்சினை நிறுத்தி, பூட்டு ஊசியை உருவி, பிடியைத் திருப்பி, ஊசியை மறுபடி செருக வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அணைப்புக்கு இருவரும் ஒரே முறையில் இருக்க வேண்டும், யாருக்குத் திருப்புவது என்பதை மடியில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம்.

"திருப்பினா அம்மாவுக்கு வலிக்குமா?" என்று சுடர் கேட்டாள்.

"வலிக்காது" என்றார் வேதநாயகி. "கொஞ்ச நாள் தூக்க நினைச்சா இழுக்கும். இழுக்க நினைச்சா தூக்கும். அங்க போன புதுசுல அப்படித்தான் இருந்துச்சு. ஒரு மழைக்காலம் போனா சரியாயிரும். நீ திருப்பச் சொல்லு."

"அப்ப யாரு கூட இருந்தா?"

"எப்ப?"

"புதுசுல. தடுமாறும்போது."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். "அஞ்சு இருபது" என்றார்.

சுடர் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டினாள். கழுத்துக்குக் கீழே, சட்டைப் பட்டனுக்குச் சற்று மேலே, ஒரு சிறிய மாற்றுப்பிடி இருந்தது. அது ஒன்றில் நின்றது.

"எனக்குத் திருப்புங்க மாமா" என்றாள்.

ஊசியை உருவினேன். பிடியை இரண்டுக்குத் தள்ளி ஊசியைச் செருகியதும் தும்மினாள். பிறகு இடப்பக்கத்தைத் தள்ளி மேற்கையைக் கீழே இறக்கி, வலப்பக்க லிவரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மெதுவாகத்தான் இழுத்தாள். முன்கை மடங்கிவந்தது. பக்கெட் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. காகம் எழுந்து போய் லாரியின் மேல் உட்கார்ந்தது.

"வளந்துட்ட" என்றார் வேதநாயகி.

"நீயும்தான்" என்றாள் சுடர்.

லாரி காலியாகத் திரும்பியது. பால்துரை வெளியே நின்று பக்கெட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியில் இருந்த '1'-ஐ உரித்துவிட்டு '2' ஒட்டினேன். சுடரின் நெற்றியிலும் ஒரு சிறிய '2' ஒட்டினேன்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, அங்கே எல்லோரும் ஒன்று, வருகைப்பதிவுக்குக் கையைத் தூக்க நினைத்தால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையை இழுத்துவிடுவாய் என்று சொன்னேன். அணைப்புதான் முடிந்துவிட்டதே, உனக்குத் திரும்ப ஒன்றில் வைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.