பத்து மணிக்குப் பெருக்குகிறோம்

நகரசபைக் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் பதினொரு பெண்களில் நானும் ஒருத்தி. விடியற்காலை நாலு மணிக்கு உள்ளே போய், முதல் உறுப்பினர் காரை விட்டு இறங்குவதற்குள் பின்வாசல் வழியாக வெளியேறிவிட வேண்டும். எங்கள் முகம் அவர்கள் கண்ணில் படக்கூடாது. குப்பை தானாக எழுந்து போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ!

என் நாத்தனாரும் எங்களோடுதான் வேலை செய்கிறாள். அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் முடிந்து பதினாலு நாள் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கோ ஒரு நாள் வராவிட்டால் சம்பளம் இல்லை, தொடர்ந்து நாலு நாள் வராவிட்டால் வேலையே இல்லை. மூன்று தடவை தேதி வாங்கினாள், மூன்று தடவையும் தள்ளிப்போட்டாள். ஒப்பந்த ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு பதினாலு நாள் நோய் விடுப்பு தரும் தீர்மானத்தைச் சபையும் அப்படித்தான் தள்ளிக்கொண்டே போனது. உறுப்பினர்களின் படித்தொகை உயர்வு மட்டும் டீ ஆறுவதற்குள் நிறைவேறியது.

வாசலில் கோரிக்கை அட்டை பிடித்து நின்றோம். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. "கத்தினா சட்டம் மாறிடுமா?" என்றார் என் வீட்டுக்காரர். சொந்த அக்கா சுருண்டு கிடக்கிறாள், இவர் வியாக்கியானம் பேசுகிறார்!

அந்தக் கோபத்தில் எங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வரி விடாமல் படித்தேன். தினமும் சுத்தம் செய்ய வேண்டும் என்றுதான் இருந்தது. எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை பத்து மணி, சபை கூடும் நேரம். பதினொரு பேரும் முன்வாசல் வழியாக நுழைந்தோம். தூசி உறிஞ்சும் மெஷின்கள் ஆறும் ஒன்றாக அலறின. அப்போது தலைவர் உள்ளே வந்தார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பெரிய தலை தெரிந்தால் மெஷினை அணைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பழக்க தோஷம், அணைத்துவிட்டோம். வீர வசனம் யோசித்து வைத்திருந்த நானும்தான்! வெட்கக்கேடு.

ஒரு மெஷின் மட்டும் நிற்கவில்லை. என் நாத்தனார் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைத் தலைவர் நாற்காலி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்."

தலைவர் தூக்கினார்! சபையே சிரித்தது. எனக்கு எங்கிருந்து அத்தனை தைரியம் வந்ததோ, சுவிட்சைத் தட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள்.

"இந்த நேரத்துல என்னம்மா இது?" என்று கத்தினார் தலைவர்.

"ஒப்பந்தத்துல நேரம் போடலீங்க சார். எங்க தீர்மானத்தை எடுங்க. அதுவரைக்கும் நாங்க எங்க வேலையப் பாக்கறோம்," என்று நானும் கத்தினேன்.

மூன்று நாள் இதே கூத்து. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். காவலாளிகளும் டிரைவர்களும் கேன்டீன் ஆட்களும் பார்வையாளர் வரிசையை நிரப்பினார்கள். மூன்றாம் நாள் தீர்மானம் வந்தே விட்டது. பதினாலு நாளை ஏழாக வெட்டித்தான் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தூக்கிய கைகளை நானும் கூடவே எண்ணினேன். பதினெட்டுக்குப் பதினேழு. ஜெயித்துவிட்டோம்!

கூச்சலில் காது அடைத்தது. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

"பாதியை முழுங்கிட்டாங்களே அண்ணி!"

நாத்தனார் காதில் அதற்குள் போன். "தேதி குடுங்கம்மா. திங்கக்கிழமையா? சரி. இந்தத் தடவை மாத்த மாட்டேன்." போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஏழு நாள் நிம்மதியாப் படுத்திருப்பேன்," என்றாள். "அதுக்குள்ள பாக்கி ஏழு நாளை நீங்க பத்துப் பேரும் வாங்கிடுங்க."