இடது காலுறை

லெயோனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துப் பதினோரு மாதமாகியிருந்தது. பிரான்சில் இருக்கும் மகள் சபினுக்கு அது தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் தாயின் சாவுக்கு வந்தவள், அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் இரண்டு மாதம் தங்கிவிட்டாள். திரும்பிப் போனபோது அவளுடைய வேலை போயிருந்தது. மறுபடியும் அப்படி ஆகக் கூடாதென்று லெயோன் வாயை மூடிக்கொண்டார். ஞாயிறுதோறும் வீடியோவில் பேசும்போது மார்புக்கு மேலே மட்டும் தெரியும்படி போனைச் சாய்த்து வைப்பார்.

காலையில் அமுதவல்லி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். அதன் பிறகு முத்தியால்பேட்டையின் அந்த வீட்டில் பேச ஆளிருக்காது. வெளியே வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். ஒன்றும் அவர் வாசலில் நிற்காது.

கிறிஸ்துமஸுக்கு மகளிடமிருந்து பார்சல் வந்தது. வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து அவளே பின்னிய நீலக் காலுறைகள். சர்க்கரைக்காரர் பாதத்தை மூடி வைக்க வேண்டும் என்று அவளுக்குக் கவலை. வலது காலில் ஒன்றை மாட்டிக்கொண்டார். மற்றது மடியில் கிடந்தது. அதைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை, கண்ணெதிரே வைத்திருக்கவும் முடியவில்லை.

பேத்தி அன்னாவுக்கு மார்ச்சில் ஐந்தாவது பிறந்தநாள். போனில் செய்முறை வீடியோவைப் பார்த்துப் பார்த்து, அந்தக் காலுறையில் முயல் செய்ய உட்கார்ந்தார். கத்தரி வைத்ததுமே பின்னல் கண்ணிகள் அவிழ்ந்து ஓடின. பதறிப்போய், ஓடிய கண்ணிகளை ஊசியால் பிடித்துக் கட்டினார். வெட்ட வேண்டிய இடத்தின் இரு பக்கமும் முதலில் தையல் போட்டார். பிறகுதான் மேல் பகுதியை இரண்டாகப் பிளந்து காதுகளாக்கினார். மனைவியின் தலையணையிலிருந்து இலவம்பஞ்சை எடுத்து அடைத்தார். முயல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கழுத்துக்கு விரலகலத்தில் ஒரு மஃப்ளரும் பின்னினார். பாரிசுக்குப் போன பக்கத்து வீட்டு ஃப்ரெடெரிக் அதை எடுத்துப் போனார்.

பிறந்தநாளன்று அன்னா முயலைப் போனுக்கு முன் ஆட்டினாள். சபின் அதைக் கையில் வாங்கினாள். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பப்பா, இது நான் பின்னின சாக்ஸு."

"ஆமாம்மா."

"இன்னொண்ணு?"

"போட்டுனு இருக்கேன்."

"ஒரு கால்லயா?"

எலி கடித்துவிட்டது என்று சொல்ல ஒரு பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தார். அதைச் சொல்லாமல் போனை மெல்லக் கீழே திருப்பினார்.

இணைப்பு அறுந்தது. அவர் கூப்பிட்டுப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அழைப்பு வரவில்லை.

"சொல்லிட்டீங்களா முசே? எனக்கே நாக்கு அரிச்சுனு இருந்துது. கோவம் தணிஞ்சா பேசும், பாருங்க" என்றாள் அமுதவல்லி. ஐயா என்பதற்கு அவளுக்கு முசேதான்.

புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

"வலிக்குதா பப்பா?" என்று கேட்டாள் சபின்.

"இல்லாத வெரலு அரிக்குதும்மா. சொறியலாம்னா அங்க ஒண்ணும் இல்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்து அழுதாள். "எங்கிட்ட மறைச்சிட்டீங்களே. ஆஸ்பத்திரியில யாரு இருந்தா?"

"அமுதவல்லி ரெண்டு நாள் இருந்துச்சு."

"எனக்கு ஆகஸ்ட்லதான் லீவு கெடைக்கும். அதுவரைக்கும் யாரு இருக்கா உங்களுக்கு?"

"காலைல அமுதவல்லி வருது."

"அப்புறம்?"

லெயோன் கூடத்தைப் பார்த்தார்.

"யாரும் இல்ல சபின்" என்றார். இதுவரை அவர் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. போனை அடுக்களை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் விழுந்தது. ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. அவள் சமைத்து முடிக்கும் வரை லெயோன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.