மேஸ்திரி விரலில் குத்திய ஊக்கு

செல்லத்துரை மேஸ்திரிக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்றுதான், நல்ல பெயர். குமுளி மலைப்பக்கத்துச் சக்குபள்ளத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பட்டா இருக்கும், ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கும். மேஸ்திரிக்கு ‘தங்கமான மனுசன்’ என்று நாலு பேர் சொல்லும் சொல் இருந்தது. ஏலக்காயைக் காயவைத்துத் தரம் பிரிக்கிற ஸ்டோரில் இத்தனை பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்களே, இத்தனை வருஷத்தில் ஒருத்தியாவது தன்னைப் பற்றி ஒரு சொல் சொன்னதுண்டா என்று டீக்கடையில் கேட்பார். யாரும் வாயைத் திறப்பதற்குள் அவரே ‘கிடையாது’ என்று பதிலும் சொல்லிவிடுவார்.

அதனால், பெண்களை வேலை செய்கிற இடத்தில் மரியாதையாக நடத்துவது எப்படி என்று ஸ்டோரில் ஒரு வகுப்பு நடக்கப் போகிறது என்று முதலாளி ஜோமோன் சொன்னபோது மேஸ்திரிக்கு முதலில் கோபம் வந்தது. யாருக்கு யார் பாடம் நடத்துவது? கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் சந்தோஷமாக மாறிவிட்டது. பாடம் நடத்துகிறவர்களுக்கு உதாரணம் காட்ட ஒரு ஆள் வேண்டுமே, இந்தப் பக்கத்தில் நம்மை விட்டால் வேறு யார்?

முதலாளியின் கவலை வேறு. வெளிநாட்டில் ஏலக்காய் வாங்குகிற கம்பெனி, இந்த வகுப்பு நடந்தால்தான் சரக்கு எடுப்போம் என்று கறாராகச் சொல்லிவிட்டதாம்.

“செல்லத்துரே, குழப்பம் ஒண்ணும் வரக்கூடாது கேட்டோ. நம்ம பேரு போகும்” என்றார் ஜோமோன்.

“என் பேரு இருக்கிற வரைக்கும் உங்க பேரு போகாது மொதலாளி” என்றார் மேஸ்திரி.

வகுப்பு நாளன்று சாக்குகளை ஓரத்தில் அடுக்கி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முன்வரிசையில் நட்டநடுவில் தனக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் புதுத் துண்டு. அவர் மனைவி சாந்தம்மாளும் அதே ஸ்டோரில் காய் பொறுக்குகிறவள்தான். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாடம் கேக்கப் போறீகளா, பொண்ணு பாக்கப் போறீகளா?” என்றாள்.

அலங்காரத்தில் ஒரே குறை, வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு சின்ன மஞ்சள் துணிக்கட்டு. ஊக்கு குத்திய காயம். அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் சாயங்காலச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏலக்காய் விற்கிற விலைக்கு அது காய் இல்லை, பச்சை நிறத் தங்கம். மடியில் ஒரு பிடி போட்டுக்கொண்டு போனால் குமுளிக் கடைத்தெருவில் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. ஆகவே வேலை விடுகிற நேரத்தில் பெண்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். மடியை உதறுவார்கள். மேஸ்திரி இடுப்பைச் சுற்றித் தட்டிப் பார்த்து ஒவ்வொருத்தியாக வெளியே அனுப்புவார். அவருக்கு முன்னால் அவர் மாமா மேஸ்திரியாக இருந்தபோதும் இப்படித்தான். பக்கத்து ஸ்டோர்களிலும் அதே கதைதான்.

ஆனால் நம் மேஸ்திரியிடம் மற்ற யாரிடமும் இல்லாத ஒரு பண்பு உண்டு. தட்டிப் பார்க்கும்போது முகத்தை அப்படியே கூரைக்குத் திருப்பிக்கொள்வார். “முருகா, முருகா” என்று முணுமுணுப்பார். பார்த்தால்தானே பாவம் என்பது அவர் கட்சி. பாரபட்சம் காட்டுகிறார் என்று பேச்சு வரக் கூடாதே என்று தன் பெண்டாட்டியை மட்டும் ஒரு சுற்றுக் கூடுதலாகவே தட்டிப் பார்ப்பார். அவருக்கு அதில் இருந்த ஒரே தொந்தரவு இந்த ஊக்குகள்தான். சேலையிலும் சுடிதாரிலும் இடுப்புப் பக்கமாகக் கண்ட இடத்தில் குத்தி வைத்திருப்பார்கள். அடிக்கடி விரலைப் பதம் பார்த்துவிடும்.

“இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு ஒரு ஊக்கு ஒழுங்காக் குத்தத் தெரியல” என்று வீட்டில் வந்து அலுத்துக்கொள்வார். சாந்தம்மாள் ஒன்றும் சொல்லாமல் மஞ்சள் குழைத்துப் போட்டுக் கட்டிவிடுவாள்.

வகுப்பு எடுக்க வந்தவள் கௌசிகா. பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுப் பெண். தமிழில் பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவளைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அவள் பேசுகிற தமிழோ வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு வந்தது. “இந்தப் பொண்ணு கல்லையும் மண்ணையும்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடும் போல” என்று சாந்தம்மாள் பக்கத்தில் இருந்த ஆனந்தியின் காதைக் கடித்தாள். ஆனந்தி வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். அந்த ஸ்டோரில் எல்லாருக்கும் இளையவள்.

கௌசிகா எளிதாகத்தான் ஆரம்பித்தாள். வேண்டாத இடத்தில் கை வைப்பது தப்பு. வேண்டாத பேச்சு, வேண்டாத பார்வை, போனில் வேண்டாத மெசேஜ், வழியில் பாட்டுப் பாடுவது, எல்லாம் தப்பு. ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரி தலையை ஆட்டினார். ஒவ்வொன்றுக்கும் கடைசி வரிசையைத் திரும்பியும் பார்த்தார். அங்கே சாக்கு ஏற்றுகிற அஜய் உட்கார்ந்திருந்தான். பாட்டு, போன் என்றாலே மேஸ்திரிக்கு அவன் ஞாபகம்தான் வரும்.

“உங்களுக்கு இங்க அப்படி ஏதாச்சும் சங்கடம் உண்டுங்களா?” என்று கேட்டாள் கௌசிகா.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். “இங்க அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றாள் ஒருத்தி. “எங்க மேஸ்திரி தங்கமான மனுசன்” என்றாள் இன்னொருத்தி. மேஸ்திரி நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த முதலாளியும் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

கௌசிகா விடவில்லை. “சரிங்க. பேசினது போதும். காலையில வந்ததுல இருந்து ஊட்டுக்குப் போற வரைக்கும் உங்க ஒரு நாளை அப்படியே நடிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்” என்றாள்.

நடிப்பென்றதும் பெண்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆனந்தி நேராக வந்து மேஸ்திரியின் தோளிலிருந்து துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, “ஏம்மா, காய் பொறுக்குறீகளா, கதை பொறுக்குறீகளா?” என்றாள். அச்சு அசல் மேஸ்திரி. ஸ்டோரே அதிர்ந்தது. டீ வந்தது, மூக்குறிஞ்சல் வந்தது, முதலாளி ஜீப் சத்தம் கேட்டதும் மேஸ்திரி வேட்டியை இறக்கிவிடுவது வந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது மேஸ்திரிதான். நம்மை இவ்வளவு கவனித்திருக்கிறார்களே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாகச் சாயங்காலம் வந்தது. பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆனந்தி முகத்தைக் கூரைக்குத் திருப்பினாள். “முருகா, முருகா” என்றபடி இரண்டு கையையும் குருடனைப் போல நீட்டித் துழாவினாள். முதலில் நின்றவள் நெளிந்தாள், அடுத்தவள் வளைந்தாள். மேஸ்திரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கௌசிகா மட்டும் சிரிக்கவில்லை.

“ஏனுங்க, இது என்னங்க?” என்று கேட்டாள்.

“சோதனை” என்றார்கள் பெண்கள், சாப்பாடு என்று சொல்கிற மாதிரி.

“தினமுங்களா?”

“பெறகு? காய் என்ன விலை விக்குது.”

“சங்கடம் ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே?”

“அது சங்கடம் இல்லம்மா, வேலை” என்றாள் முதலில் நின்றவள். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே யோசிப்பவள் போல நிறுத்திக்கொண்டாள்.

மேஸ்திரி எழுந்தார். எங்கோ தப்பாகப் போகிறது என்று அவருக்குப் பட்டது. “இந்தாருங்க டீச்சர், நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் நிப்பேன். ஒரு நாள்கூடப் பாத்தது கிடையாது. இவுகளையே கேளுங்க.”

“நீங்க நல்லவர்தானுங்க” என்றாள் கௌசிகா. “ஒரு தடவை நீங்க வரிசையில நில்லுங்களே. சும்மா நடிப்புக்குத்தான்.”

மறுத்தால் நன்றாக இருக்காது. மேஸ்திரி சிரித்துக்கொண்டே போய் நின்றார். ஆனந்தி கூரையைப் பார்த்தாள். “முருகா” என்றாள். அவள் கை அவர் இடுப்பை நோக்கி வந்தது. இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே மேஸ்திரி வயிற்றை எக்கி, வேட்டி முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு, தடாலென்று பின்னால் நகர்ந்துவிட்டார். வேண்டுமென்று செய்ததில்லை. அவர் உடம்பு அவரைக் கேட்காமல் செய்தது.

யாரும் சிரிக்கவில்லை.

“நான் தொடவே இல்லையே மேஸ்திரி” என்றாள் ஆனந்தி. பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: “உங்களுக்குப் பின்னால நகர எடம் இருந்துச்சு. வாசல்ல எங்களுக்குப் பின்னால அடுத்தவ நிப்பா. நான் மணி நாலு ஆனாலே வயித்தை எக்க ஆரம்பிச்சிருவேன்.”

மேஸ்திரிக்கு அவமானம் என்றால் இதுதான் அவமானம். கையில் இருந்த ஒரே சொத்து எல்லார் கண் முன்னாலும் நழுவிக்கொண்டிருந்தது.

“இத்தனை வருசத்துல ஒருத்தியும் என்னை ஒரு சொல் சொல்லலையே” என்றார்.

“சொல்லலையா?” என்று எழுந்தாள் சாந்தம்மாள். “உங்க விரலைப் பாருங்க.”

அவர் பார்த்தார். மஞ்சள் கட்டு.

“அந்த ஊக்கெல்லாம் குத்தத் தெரியாமக் குத்துனதுன்னா நெனச்சீக? முனையை வெளிய பாத்து வைக்கணும்னு இவளுகளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.”

“குத்தவும் நீ, மருந்து போடவும் நீயா?” என்றார் மேஸ்திரி.

“வேற யாரு போடுவா?”

இதற்குள் முதலாளி கண்ணாடித் தடுப்பைத் தாண்டி ஓடி வந்திருந்தார். “டீச்சரே, நான் சோதிக்கணும்னுதான் பறஞ்சது. தொடணும்னு பறஞ்சில்லல்லோ. இது செல்லத்துரேடெ சொந்த ஏற்பாடு” என்றார். தாமரை இலைத் தண்ணீர் தோற்றது.

சாந்தம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். புருஷனைக் குத்த அவளுக்கு உரிமை உண்டு, அடுத்தவருக்குக் கிடையாது. “காய் கொறஞ்சா இவரு சம்பளத்துல பிடிப்பேன்னு சொன்னது யாரு மொதலாளி? தொடாம எப்படிச் சோதிக்கிறது, ஜோசியம் பாத்தா?”

“ஆம்பளைகளுக்கு இந்தச் சோதனை உண்டுங்களா?” என்று கேட்டாள் கௌசிகா.

யாரும் இதுவரை யோசித்ததே இல்லை. எல்லாத் தலைகளும் ஒன்றாகக் கடைசி வரிசைக்குத் திரும்பின. அஜய் போட்டிருந்தது ஏகப்பட்ட பை வைத்த கால்சட்டை. அவன் திருதிருவென்று விழித்தான். யாரும் அவனைத் தொடவில்லை. அவனாகவே பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். காய்கள் பொலபொலவென்று தரையில் உருண்டன. எல்லாம் முதல் தரக் காய்.

“சாயாவுக்கு” என்றான்.

அதன்பிறகு பேச்சு ஒரு வழிக்கு வந்தது. பை இல்லாத மேலங்கி ஒன்றை ஸ்டோரே எல்லாருக்கும் தைத்துத் தருவது, ஆணோ பெண்ணோ வேலை முடிந்ததும் அதை அங்கேயே கழற்றி மாட்டிவிட்டுப் போவது, யாரையும் யாரும் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. புகார் கேட்கிற கமிட்டிக்குத் தலைவியாகச் சாந்தம்மாளையே பெண்கள் கை காட்டினார்கள். முதலாளி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். சரக்குப் போனால் சரி அவருக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கூரையைப் பார்ப்பதா தரையைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக “வாரோம் மேஸ்திரி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் தடவையாக அவர்கள் முகத்தைப் பார்த்து “போயிட்டு வாங்க” என்றார்.

லயத்து வீட்டுக்குப் போகிற ஏற்றத்தில் அவர் சாந்தம்மாளோடு நடந்தார். பாதி வழியில் நின்றார்.

“மொதல்லயே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்க மானம் போச்சுன்னு வேலையை விட்டிருப்பீக. வேற ஒருத்தன் வந்து நின்னிருப்பான். நீங்களாச்சும் மூஞ்சியைத் திருப்புனீக. அவன் திருப்பியிருப்பானா?”

அவர் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். “அப்ப நான் மோசமானவனா சாந்தா?”

“மோசமானவரா இருந்தா ஊக்கோடவா விட்டிருப்போம்?”

மேஸ்திரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன உயிர் பாதி திரும்பிவிட்ட மாதிரி இருந்தது. மீதியையும் கேட்டு வாங்கிவிடலாம் என்று பார்த்தார்.

“நாளைல இருந்து எல்லாரும் ஊக்கைக் கழட்டிருவாகள்ல?”

“கழட்டிருவாக. ஆனந்தி மட்டும் கொஞ்ச நாள் பாத்துட்டுக் கழட்டுறேன்னா.”

“நீ?”

சாந்தம்மாள் அவருடைய விரலை எடுத்து, அவிழ்ந்து தொங்கிய மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டினாள்.

“நான் கமிட்டித் தலைவியில்ல? ஆனந்தி கழட்டுற அன்னிக்குத்தான் கழட்டுவேன்.”